குவளைக்குள் இறங்கும் வெயில்

பல்லடத்தின் நடுவே செல்லும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையோரத்துப் பேக்கரி ஒன்றின் வாசலில், இரவெல்லாம் தறி ஓட்டிய களைப்போடு வந்தவர்களும், காலை ஷிப்டுக்குத் திருப்பூர்ப் பேருந்தை எதிர்பார்த்து நிற்பவர்களும் ஒரே பெஞ்சில் நெருங்கி அமர்ந்திருந்த ஆறரை மணி வேளையில், ஓர் இளைஞர் தம் கைக்கு வந்த கண்ணாடிக் குவளைத் தேநீரை உதட்டருகே கொண்டுபோகாமல், நிவேதனப் பாத்திரத்தைப் போல இரு விரல்களால் பிடித்துக்கொண்டு பெஞ்சின் கிழக்கு ஓரத்துக்கு நகர்ந்தார். எதிர்வரிசைக் கடையின் தகரக் கூரைக்கும் நின்றிருந்த லாரிக்கும் இடையே ஒரு முழ அகலத்துக்கு இளவெயில் இறங்கியிருந்த இடம் அது. குவளையை அந்த வெயிலின் விளிம்பில் வைத்தார்; தோள்பையிலிருந்து நான்காய் மடித்த வெள்ளைப் பனியன் துணியொன்றை எடுத்து, குவளைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு கையால் திரையாகப் பிடித்தார்; மறு கையால் செல்போனைக் குவளையின் நடுமட்டத்துக்குத் தாழ்த்தினார்.

"தம்பி, டீ ஆறிப்போகுது பாருங்க" என்றார் பாய்லர் அருகே நின்ற மாஸ்டர்.

"ஒரு நிமிஷமுங்ணா. நுரை இருக்கறப்பவே எடுத்துட்டுக் குடிச்சர்றேன்."

எடுத்த படத்தை அவர் கேட்காமலே எனக்கும் காட்டினார். நாள்தோறும் நான் குடிக்கும் அதே சிங்கிள் டீதான். ஆனால் நுரையின் ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே ஒளி ஏந்தி நின்றது. குவளையின் விளிம்பு வெள்ளிக் கம்பி போல் மின்னியது. தேநீரின் நிறம், சிவப்பென்றும் சொல்ல முடியாமல் பழுப்பென்றும் சொல்ல முடியாமல், கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே படத்திலும் இருந்தது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அதை அனுப்பிவிட்டுத்தான் அவர் குடித்தார். சாயப் பட்டறை ஒன்றின் லேபில் வேலை என்றும், துணி கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் பேருந்தேறினார்.

பானத்தைப் படம் பிடித்த பிறகே பருகுவது என்பது இன்று ஏதோ பெருநகரத்து வாலிபர்களின் விளையாட்டு மட்டுமன்று. இளநீர் வெட்டித் தருபவர் முதல் ரோஸ் மில்க் கலக்கும் பெண் வரை, பலருடைய வியாபாரம் அந்த ஒரு படத்தின் அழகை எதிர்பார்த்து நிற்கும் காலம் வந்துவிட்டது. அந்த அழகு எங்கிருந்து வருகிறது, அதற்காக நாம் எதை விட்டுக்கொடுக்கத் துணிகிறோம் என்ற இரு வினாக்களையும், நூலும் சாயமும் ஒளியும் அறிந்த இந்த ஊரின் பெஞ்சில் உட்கார்ந்தே ஆராய்வது பொருத்தமென்று எனக்குத் தோன்றியது.

பழக்கம் வந்த வழி

கதை நீளமானதன்று. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஷார்ப் நிறுவனத் தயாரிப்பாக வெளிவந்த ஜே-எஸ்எச்04 என்ற கைப்பேசி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட காமிராவைச் சுமந்து வந்து, எடுத்த படத்தை அப்போதே பிறருக்கு அனுப்பலாம் என்பதை ஜனங்களுக்குப் பழக்கியது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தோன்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இந்தியாவில் இணையத்தின் விலையை ஒரு குவளைத் தேநீரின் விலையோடு ஒப்பிடும் நிலைக்கு இறக்கியது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில், தென்கொரியாவிலிருந்து புறப்பட்ட டல்கோனா காபி என்னும் நுரைக் காபியின் படங்கள் உலகமெங்கும் பரவியபோது, கடைகள் அடைத்துக் கிடந்த நம் ஊர்களிலும் வீட்டுக்கு வீடு காபித்தூளையும் சர்க்கரையையும் கைவலிக்க அடித்து நுரையாக்கி, ஜன்னலோரத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். அது ருசிக்காகச் செய்யப்பட்டதா, படத்துக்காகச் செய்யப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாத முதல் பானம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

இடையில் நிகழ்ந்த இன்னொரு மாறுதலை நாம் இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கோப்பைகளும் உறிஞ்சுகுழல்களும் அதற்குள் அடங்கின. தடை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வேறு விஷயம். கண்ணாடிக் குவளையைக் கைவிடாத கடைகளுக்கு அது ஒரு நியாயம் வழங்கியது. கண்ணாடி இருக்கும் இடத்தில்தானே ஒளிக்கு வேலை இருக்கிறது!

┌─ பெட்டிச் செய்தி: கண்ணாடியும் காமிராவும் ─┐
புகைப்படக் கலையின் மூலபுருஷர்களில் ஒருவரும் 1833இல் காலமானவருமான பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் எடுத்ததாகக் கருதப்படும் ஆதிப் படங்களுள் ஒன்றில் இருப்பவை, விரித்த மேஜையும் அதன்மேல் போத்தலும் குவளையும் கிண்ணமுமே. ஆங்கிலேயர் ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் படநூலின் நான்காம் படம் முழுவதும் கண்ணாடிப் பாத்திரங்களே. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன், கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிய நேரம் மின்னி மறையும் விளக்கைக் கொண்டு, பாலின்மேல் பால்துளி விழுந்து மகுடம் போல் எழும்புவதை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். அவற்றுள் பிரசித்தி பெற்ற வண்ணப்படம் 1957ஆம் ஆண்டினது. நம் நாட்டில் 1858இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் காமிராவைச் சுமந்து வந்த லின்னியஸ் டிரைப், கோபுரங்களையும் பிராகாரங்களையும் படமெடுத்தார். தேநீர்க் குவளைக்கு அந்த முறை வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.
└────────────────┘

ஒளி புகும் பானம், ஒளி புகாத பானம்

பானங்களைச் சூடானவை, குளிர்ந்தவை என்றோ, இனிப்பானவை, புளிப்பானவை என்றோ பிரிப்பது நாவின் வழக்கம். காமிராவுக்கு அந்தப் பிரிவினை பொருளற்றது. தன்னுள் ஒளியை ஊடுருவ விடும் பானம், ஒளியைத் தடுத்துத் தன் மேற்பரப்பிலிருந்து சிதறடிக்கும் பானம் என்ற இரண்டே ஜாதிதான் அதற்குத் தெரியும். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டவர்க்கு மற்றவை யாவும் தாமே விளங்கும்.

நன்னாரி சர்பத்தும், எலுமிச்சை கலந்த கட்டங்காப்பியும், பால் சேராத தேநீரும், கோலி சோடாவும், கண்ணாடிக் குவளையில் ஊற்றிய இளநீரும் முதல் ஜாதியைச் சேர்ந்தவை. இவற்றின்மேல் முன்புறமிருந்து விளக்கடித்தால், ஒளி நேரே உட்புகுந்து பின்னாலிருக்கும் சுவரில் போய் விழ, குவளையோ இருண்ட சேறு போலத் தோன்றும். அதே குவளையை ஜன்னலுக்கும் காமிராவுக்கும் நடுவே வைத்துப் பின்னிருந்து ஒளி வரச் செய்தால், நன்னாரியின் செம்பழுப்பு தீபம் ஏற்றியது போல் உள்ளிருந்து எரியும். நீர் நிறைந்த குவளை ஒரு வில்லையாகவும் தொழிற்படுவதால், பின்னால் இருப்பதை இடவலமாகப் புரட்டித் தன்னுள் காட்டும். பின்னால் தென்னந்தோப்பு இருந்தால் தோப்பும், மின்கம்பம் இருந்தால் மின்கம்பமும் குவளைக்குள் வந்து நிற்கும். ஆகவே பின்னணியைத் தேர்வதும் இங்கே பானத்தைத் தேர்வதற்குச் சமானம்.

பால் சேர்ந்த தேநீரும், காபியும், ரோஸ் மில்க்கும், மோரும், கூழும் இரண்டாம் ஜாதி. பாலில் மிதக்கும் கொழுப்புத் திவலைகளும் கேசின் என்னும் புரதத்தின் நுண்துகள்களும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதாலேயே பால் வெண்மையாகத் தெரிகிறது. எனவே இவற்றுக்குப் பின்னொளியால் பயனில்லை; பக்கத்திலிருந்து சாய்வாக விழும் ஒளியே வேண்டும். அப்படி விழும்போது நுரையின் மேடு பள்ளங்கள் ஒரு புறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலுமாகப் பிரிந்து உருவம் பெறுகின்றன. பெஞ்சின் ஓரத்துக்கு அந்த இளைஞர் நகர்ந்தது இதற்காகத்தான்.

ஆவியின் சங்கதி தனி. தேநீரிலிருந்து எழுவது புகையன்று. மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அது வெள்ளைச் சுவருக்கு முன்னால் மறைந்துவிடும். இருண்ட பின்னணிக்கு முன்னால், பின்னொளி அல்லது பின்பக்கவாட்டு ஒளி பட்டால், நூல் நூலாகத் தெரியும். மார்கழி, தை மாதத்து அதிகாலை அதற்கு உகந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று இரைந்து வரும் ஆடியில், பல்லடத்துக் கடை வாசலில் தேநீரின் ஆவியைப் படமெடுக்க நினைப்பது வீண் முயற்சி. அந்தக் காற்று காற்றாலையைச் சுழற்றட்டும்; படமெடுப்பவர் கடையின் உட்சுவரோரம் ஒதுங்கிக்கொள்வது உத்தமம்.

கண்ணாடி ஒரு வகையில் முகம் பார்க்கும் கண்ணாடியும்கூட என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளிப்பச்சை பனியன் அணிந்தவர் குவளைக்கு எதிரே குனிந்தால், குவளையின் வயிற்றில் ஒரு பச்சைக் கோடு ஓடும். காமிராவின் பிளாஷ், குவளையின்மேல் ஒரு வெள்ளைப் புண் போலப் பதிந்து பானத்தின் நிறத்தையே வெளிற வைக்கும். அதை அணைத்துவைப்பதே முதற்காரியம். கரிய நிறத்துணி உடுத்துவதும், ஓரடி பின்வாங்கி இருமடங்கு பெரிதாக்கி எடுப்பதும் மற்றவை. மிக அருகில் போய் அகலக் கோணத்தில் எடுக்கும்போது, குவளையின் வாய் பூதாகாரமாக விரிந்து அடி சூம்பிப்போவது, பின்வாங்கினால் தானே நேராகிவிடும். பின்னணியை மங்கச் செய்யும் ‘போர்ட்ரெய்ட்’ வசதியை நம்புவதும் சரியன்று. ஒளி ஊடுருவும் பொருளின் விளிம்பு எங்கே முடிகிறதென்று கைப்பேசிக் கணிதத்துக்குத் தெளிவாகத் தெரியாததால், அது குவளையின் விளிம்பையும் உறிஞ்சுகுழலையும் சேர்த்தே மங்கவைத்துவிடுகிறது.

திரையில் பானத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்தால், வெளிறிய நுரைக்குள் ஒளிந்திருந்த குமிழிகள் மீளத் தெரியும். வெளிறிப்போன இடத்தைப் பின்னால் எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. இருண்டதை ஓரளவு மீட்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. தறிக்குடோனிலும் நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவரின் கைப்பேசி லென்சில் பஞ்சுத் தூசி படியாத நாளில்லை. படங்கள் பனி மூடியது போல வருகின்றனவே என்று புதுக் கைப்பேசி வாங்க எண்ணும் பலருக்கு, மெத்தென்ற பனியன் துணியால் லென்சை ஒருமுறை துடைப்பதே போதுமானது.

லைட் பாக்ஸ் அறிந்த ஊர்

திருப்பூர் வட்டாரத்து மெர்ச்சண்டைசர் ஒருவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசினால், அவர் ஓவியரைவிடச் சூக்ஷ்மமாகப் பேசுவார். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய நிறத்துக்கு இணையாக லேபில் ஒரு சிறு துணித்துண்டைச் சாயமேற்றிப் பார்ப்பதை லேப் டிப் என்பார்கள். அந்தத் துண்டைத் தெரு வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரியென்று சொல்லிவிட முடியாது. லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி65 விளக்கில் ஒருமுறை, கடைகளில் எரியும் விளக்கைப் போன்ற டிஎல்84இல் ஒருமுறை, பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்த இரண்டு துணிகள் மற்றொரு விளக்கில் அன்னியராகிவிடும். மெட்டாமெரிசம் என்று பெயர்பெற்ற இந்த விபரீதத்தால், தைத்து முடித்த சரக்கே திரும்பி வரக்கூடும் என்பது இத்தொழிலில் இருப்பவர் எல்லோரும் அறிந்த பயம்.

இந்த அறிவு தேநீர்க் கடைக்கு வரும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கடையின் ஒரு மூலையில் மஞ்சள் பல்பு, மறு மூலையில் நீலம் பாய்ந்த டியூப்லைட், வாசலில் வெயில் என்று மூன்று ஒளிகள் ஒரே குவளையின்மேல் விழ, கைப்பேசி எதை வெள்ளையென்று கொள்வதெனத் தடுமாறிப்போய், தேநீரைச் சாம்பல் பூத்ததாகவோ பச்சை ஓடியதாகவோ காட்டுகிறது. ஒரே ஒளியில் நில். மற்றவற்றை அணை, அல்லது அவற்றிலிருந்து விலகு. லைட் பாக்ஸின் முன் நிற்கும் அதே ஒழுக்கம் இது. மலிவான எல்இடி விளக்குகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டதாகையால், அவ்விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண் அதை உணராது, காமிரா உணர்ந்து படத்தின் குறுக்கே கருங்கோடுகளைப் போட்டுவிடும்.

துணியிலும் பேதமுண்டு. பல்லடத்துத் தறிகளில் நெய்து இறங்கும் காடா துணி, வெளுக்காததால் பருத்தியின் இயற்கையான மஞ்சள் சாயலோடு இருப்பது. அதைத் திரையாகக் கட்டி அதன் வழியே ஒளியை வடித்தால், தேநீருக்கும் சுக்குக் காப்பிக்கும் ஒரு கதகதப்பு வந்து சேரும். வெளுத்த பனியன் துணியில் ஏற்றப்பட்டிருக்கும் ஒளிவெண்மையூட்டிகளோ, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உண்டு நீல ஒளியாக உமிழ்பவை. அத்துணி மோருக்கும் இளநீருக்கும் குளிர்ச்சியைத் தரும். நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் ஒளிபரப்பித் திரைகளின் வேலையைக் கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து உருவிய ஒரு முழத் துணி செய்துவிடுகிறது. அந்த இளைஞர் கையிலிருந்த துண்டு எனக்குக் கற்பித்தது இதைத்தான்: அவர் தேநீரை மாற்றவில்லை, தேநீர்மேல் விழும் ஒளியை மாற்றினார்.

இதையே இக்கட்டுரையின் உயிர்நிலையாக நான் கருதுகிறேன். ஏனெனில் இதற்கு எதிரான வழி, பானத்தையே மாற்றுவது, இன்று கடைத்தெருவில் பெருகி வருகிறது. அதன் விளைவுகள் படத்தோடு நிற்பவை அல்ல.

படத்துக்காகப் பானம் மாறும்போது

அமெரிக்காவில் 2017 ஏப்ரல் 19 முதல் 23 வரை, ஐந்தே நாட்கள், ஸ்டார்பக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் ஃப்ராப்புச்சினோ என்ற பானத்தை விற்றது. இளஞ்சிவப்பும் நீலமுமாய், கலக்கக் கலக்க நிறம் மாறும் அந்தப் பானத்தின் படங்கள் சில நாட்களுக்கு உலகமெங்கும் நிறைந்தன. நாவை நோக்கிச் செய்யப்படாமல் கைப்பேசியை நோக்கிச் செய்யப்பட்ட பானங்களின் யுகம் அப்போதே பகிரங்கமாகிவிட்டது. அந்தக் காற்று நம் ஊருக்கு வர வெகுநாளாகவில்லை. கிராமத்துச் சந்தைவரை இன்று நீலச் சர்பத்தும் மயில்பச்சைச் சோடாவும் வந்துவிட்டன.

நிறத்தின் விஷயத்தில் இந்த வட்டாரம் ஏமாறக் கூடாத வட்டாரம். சாயம் தண்ணீரில் இறங்கினால் என்ன நேரும் என்பதை நொய்யல் நதி காட்டியிருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதை விவசாயிகள் கண்ணால் கண்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் கட்டளையை நிறைவேற்றாத சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்று, பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பும் தடுமாறியது. துணிக்குரிய சாயம் துணியோடு நிற்க வேண்டும் என்பது இங்கே பாடப்புத்தகத்துச் செய்தியன்று.

ஆனால் சாயம் குவளைக்கும் வரத்தான் செய்கிறது. ரோடமின்-பி என்னும் பளீரென்ற இளஞ்சிவப்புச் சாயம், துணிக்கும் காகிதத்துக்கும் உரியது. உணவில் சேர்க்க அனுமதியில்லாதது. பஞ்சுமிட்டாயில் அது இருப்பது சோதனையில் உறுதியானதைத் தொடர்ந்து, முதலில் புதுச்சேரியும், பிறகு 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தன. மிட்டாய்க்கு நேர்ந்தது பானத்துக்கும் நேரலாம் என்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று ரோஸ் மில்க்கின் சிவப்பை ஒரு படி ஏற்றும் கை, அடுத்த படியில் எந்தப் புட்டியைத் தொடுகிறதென்பதைப் பருகுபவர் அறிய வழியில்லை. தேயிலைத்தூளிலும் இது நடக்கிறது. வடிதாளை விரித்து அதன்மேல் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் தூளை உதறிவிட்டுத் தாளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், தூய தூள் கறை விடாது. சாயம் கலந்த தூள் தாளில் பட்டைபட்டையாய்ப் பழுப்பு ஏற்றும். எவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

வேடிக்கை என்னவெனில், மிகையாகச் சாயமேறிய பானம் நல்ல படத்தையும் தருவதில்லை. அளவு மீறிய சிவப்பைக் கைப்பேசியால் பிரித்தறிய முடியாமல், நுரையும் நிழலும் எல்லாம் ஒரே செந்நிறத் திட்டாக அப்பிக்கொள்ளும். பால் அதிகமும் நிறம் குறைவுமான ரோஸ் மில்க்கை ஜன்னலோர ஒளியில் வைத்துப் பாருங்கள். குவளையின் ஓரத்தில் வெளிறி, நடுவில் ஆழ்ந்து, தாமரை இதழின் படிநிறங்களைக் காட்டும்.

நீல நிறமே வேண்டுமென்பவர்க்கு வேலியோரத்திலேயே வழியிருக்கிறது. சங்குப்பூவை வெந்நீரில் இட்டால் இறங்கும் நீலம், எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறும். அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமியின் வேலை அது. கண்ணெதிரே நிகழும் அந்த மாற்றத்தைவிட அழகான காணொளி, எந்தப் புட்டிச் சாயத்திலும் கிடைக்காது.

நிறத்துக்கு அடுத்தபடி புகை. கர்நாடகத்தின் தாவணகெரேயில் புகை பிஸ்கட் தின்ற ஒரு சிறுவன் வலியால் துடித்த காட்சி 2024 ஏப்ரலில் பரவியபோது, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை விழித்தெழுந்து, திரவ நைட்ரஜன் முழுவதும் ஆவியாகித் தீர்ந்த பின்னரே உணவையோ பானத்தையோ பரிமாற வேண்டுமென்று எச்சரித்தது. மைனஸ் 196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம் அது; நாவையும் உணவுக்குழாயையும் நொடியில் உறையச் செய்யக்கூடியது. அதைக் குவளையில் ஊற்றுவதற்குப் படத்தில் மூன்று விநாடி புகை தெரிவதைத் தவிர வேறு காரணம் ஏதுமில்லை. அதிகாலைத் தேநீரின் ஆவியை எப்படிப் பிடிப்பதென்று முன்னே எழுதினேனே, அந்த ஆவிக்கு எவர் உயிரும் பணயமில்லை.

┌─ பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது ─┐
உணவிலும் பானத்திலும் சேர்க்க இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு: பொன்ஸோ 4ஆர், கார்மோய்ஸின், எரித்ரோஸின், டார்ட்ரஸின், சன்செட் யெல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். இவையும் எல்லா உணவுக்கும் உரியவையல்ல. அனுமதி உள்ள பெரும்பாலானவற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்பதே உச்சவரம்பு.

உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம், 2006இன் 53ஆம் பிரிவின்படி, உணவைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்டது. காசோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று 2023 ஜனவரியில் மத்திய அரசு தனியே வலியுறுத்தியது. கடைக்காரர் அழைப்பின்பேரில் இலவச மில்க்‌ஷேக் குடித்துப் படம் போடுபவரையும் இது கட்டுப்படுத்தும்.

வாடிக்கையாளர் தம் விருப்பத்தில் எடுத்த படத்தின் உரிமை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவருக்கே. கேளாமல் அதைக் கடைப் பலகையில் அச்சிடுவது தவறு.
└────────────────┘

விளம்பரப் படப்பிடிப்புக் கூடங்களின் தந்திரங்கள் பழையவை. குவளையின் வெளிப்புறத்தில் கிளிசரின் கலந்த நீரைத் தெளித்து ‘வியர்வை’ காட்டுவதும், கரையாத அக்ரிலிக் கட்டிகளைப் பனிக்கட்டியாக இடுவதும், காபியின் குமிழிக்குச் சோப்பு நுரையை வைப்பதும் அவர்கள் நெடுங்காலமாகச் செய்பவை. காம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரத்தில், காய்கறித் துண்டுகள் மேலே மிதந்து நிறைந்திருப்பது போல் தோன்றக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு உயர்த்திய விவகாரம், 1970இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிடும் அளவுக்கு முற்றியது. அந்த நாளில் பொய்ப் படம் எடுக்கப் பெருநிறுவனம் வேண்டியிருந்தது. இன்றோ, உணவை வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளில் எந்தக் கடைக்கோ சொந்தமான அழகிய படத்தைத் தன் கடைப் பெயரின் கீழ் ஒட்டிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் வாய்த்துவிட்டது. படத்தில் ஆரஞ்சுப் பழத்தின் சுளை மிதக்க, வீட்டு வாசலில் சர்க்கரைத் தண்ணீர் வந்து இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அன்று நான் இழந்தது எண்பது ரூபாய். பக்கத்துத் தெருவில் மெய்யாகவே பழம் பிழிந்து விற்பவர் இழந்தது ஒரு வாடிக்கை.

கிளிசரின் தெளிக்கலாமா என்று கேட்கும் சிறு கடைக்காரர்க்கு என் பதில் எளியது. கடற்கரைச் சென்னையில் குளிர்ந்த குவளை தானே வியர்க்கும். பல்லடத்துச் சித்திரைக் காற்றில் ஈரம் குறைவாகையால் அவ்வளவாக வியர்க்காது. பத்து நிமிஷம் குவளையைக் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து, ஊற்றியவுடன் படமெடுத்தால், இந்த ஊர்க் காற்று எவ்வளவு துளியைத் தருமோ அவ்வளவும் வரும். அதற்கு மேலுள்ளது இந்த ஊரின் பானமாகாது.

படத்தில் நிற்காதவை

இத்தனை கவலைக்கும் நடுவே என்னை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்றுண்டு. படத்தில் எடுபடும் பானங்கள் பிழைக்கின்றன. எடுபடாதவை மெல்லப் பின்வாங்குகின்றன. கம்பங்கூழ் சாம்பல் நிறம். சுக்குமல்லிக் காப்பி கலங்கிய பழுப்பு. நீர்மோர் வெறும் வெள்ளை. மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விளைந்த கொங்கு நாட்டின் கோடையைத் தாங்கிய பானங்கள் இவையே. இவற்றை விற்பவர்கள் பெரும்பாலும் தள்ளுவண்டியோ மரநிழலோ அன்றி வேறு இடமில்லாத வயோதிகர்களும் பெண்களும். வண்ணக் குவளைகளின் படங்கள் நிறைந்த கைப்பேசியில் இவர்களுடைய பானைக்கு ஓர் இடமில்லையென்றால், அந்த இழப்புக்கு அழகில்லாமை காரணமன்று, நாம் ஒளியைத் தேடிப் போகாமையே காரணம் என்று எனக்குப் பட்டதால், ஒரு சோதனை செய்து பார்க்கத் தாராபுரம் சாலைப் பக்கம் போனேன்.

வேப்பமரத்தடியில் ஓர் அம்மையாரின் கூழ் வண்டி. மணி பதினொன்று. உச்சியை நெருங்கும் வெயில் நிழலுக்கு வெளியே கண்கூச நின்றது. நிழலுக்குள், இலைகளின் ஊடே விழுந்த வெயிற்பொட்டுகள் பானையின்மேல் அம்மைத் தழும்பு போல் பரவி, எந்தப் படத்தையும் கெடுக்கத் தயாராயிருந்தன. முதல் இரண்டு படங்களில் கூழ் சிமென்டுக் கலவையாகத் தெரிந்தது. பையிலிருந்த காடா துணியை வண்டியின் மேற்கம்பியிலிருந்து தொங்கவிட்டதும் பொட்டுகள் அழிந்து ஒரே சீரான மங்கல் ஒளி பரவியது. செம்பில் ஊற்றியிருந்ததை மண்சட்டிக்கு மாற்றித் தரச் சொன்னேன். கருத்த சட்டிக்குள் அதே சாம்பல் நிறம் முத்தின் வெளிச்சம் கொண்டது. நேர்மேலே நின்று எடுக்காமல், ஒரு சாய்வில் குனிந்ததும், கரண்டி கிளறிய தடமும் மிதக்கும் குருணையும் மேற்பரப்பில் வரிவரியாக எழுந்தன. நறுக்காத சின்ன வெங்காயம் இரண்டும் வறுத்த மோர்மிளகாய் ஒன்றும் அருகில் இருந்தன. அவற்றை நான் வைக்கவில்லை, அவை எப்போதும் அங்கே இருப்பவை.

அம்மையாரிடம் படத்தைக் காட்டினேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம கூழுங்களா இது?"

"ஆமாங்கம்மா."

"எம் பேரனுக்கு அனுப்பிச்சு உடுங்க சாமி. கோயமுத்தூர்ல படிக்கறான். கூழு வண்டி போடறதச் சொல்லவே கூச்சப்படறான்."

எண்ணை அவர் மனப்பாடமாகச் சொல்ல, நான் அனுப்பினேன். துணியை அவிழ்க்கப் போனபோது, வெயில் இறங்கும்வரை அது அங்கேயே தொங்கட்டும் என்றார்.